தட்டினேன் என்கிறேன், தட்டவில்லை என்கிறது கார்டு: லண்டன் ரயிலில் 100 பவுண்டு அபராதம்

கேள்வி கேட்ட தம்பி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று மாதம். ஈஸ்ட் ஹாமில் அறை. வெஸ்ட் ஹாமிலும் கேனிங் டவுனிலும் வண்டி மாறி டிஎல்ஆர் என்ற இலகு ரயிலில் சைப்ரஸ் நிலையம் வரை தினமும் போய்வருகிறார். ஒருநாள் காலை நிலையத்தின் கார்டு ரீடரில் வங்கி கார்டைத் தட்டி உள்ளே போனவர், இறங்கிய இடத்தில் கையில் இருந்த போனைத் தட்டிவிட்டார். இரண்டு பவுண்டு சொச்சம் ஆக வேண்டிய பயணத்துக்கு இருபது பவுண்டுக்குக் கிட்டப் போய்விட்டது. இனி இந்த வம்பே வேண்டாம் என்று முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டு ஒன்றை வாங்கி அதே பர்ஸில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மாலை பர்ஸை அப்படியே ரீடரில் வைத்தார், சத்தமும் வந்தது என்கிறார். வண்டியில் பரிசோதகர் வந்தார், ஆய்ஸ்டரை வாங்கிக் கையில் இருந்த கருவியில் வைத்துப் பார்த்தார், இந்தக் கார்டில் பயணம் தொடங்கவே இல்லை என்று 100 பவுண்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டு வந்து ஆறு நாள் ஆகிறது. கட்டுவதா, எதிர்த்து எழுதுவதா, விசாவுக்குக் கேடு வருமா, இது கொள்ளை இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

கொள்ளையா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. காசு கொடுக்கத் தயாராக இருந்த என்னைத் திருடனைப் போல ஏன் நடத்துகிறார்கள் என்பதுதான் அது. லண்டனில் ஒரு நிலையத்தின் கேட் வரிசையில் பதினோரு வருடம் நின்றவன் நான். இப்போது வார இறுதிகளில் நம் ஆட்களுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் எழுத உதவி செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் எது நிச்சயம், எங்கே எனக்குச் சந்தேகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானதிலிருந்து ஆரம்பிக்கலாம். ரீடருக்கு உங்களைத் தெரியாது, ஒரு எண்ணைத்தான் தெரியும். அந்த எண் ஓரிடத்தில் உள்ளே போயிற்று, இன்னோரிடத்தில் வெளியே வந்தது என்று இரண்டு தட்டல்கள் சேர்ந்தால்தான் அது ஒரு பயணம். உங்கள் வங்கி கார்டும் போனில் ஏற்றி வைத்திருக்கும் அதே கார்டும் உங்களுக்கு ஒன்றுதான், ஏனென்றால் பணம் ஒரே கணக்கிலிருந்து போகிறது. ஆனால் போனில் கார்டை ஏற்றும்போது பாதுகாப்புக்காக அதற்கு வேறொரு எண் கொடுக்கிறார்கள். ரீடருக்குத் தெரிவது அந்த எண். ஆக, அன்று காலை ஈஸ்ட் ஹாமில் ஒருவர் உள்ளே போய் வெளியே வரவே இல்லை, சைப்ரஸில் உள்ளேயே போகாத இன்னொருவர் தட்டியிருக்கிறார் என்றுதான் அமைப்பு புரிந்துகொண்டது. முடியாத இரண்டு பயணங்களுக்கு இரண்டு அதிகபட்சக் கட்டணம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஒரு வரம்பு உண்டே, அதிகபட்சக் கட்டணம் அந்த வரம்புக்குள் வராது. போனையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வரம்பும் இரண்டாக உடைந்துபோகும், இரண்டிலுமே எட்டாது.

அதிகபட்சக் கட்டணம் என்பது தண்டனை இல்லை. நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாததால் தூரமாகப் போயிருப்பீர்கள் என்று வைத்துப் போடும் கணக்கு அது. ஆய்ஸ்டரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உள்ளே தட்டும்போதே ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே தட்டும்போது மீதியைத் திருப்பிக் கொடுக்கும். வெளியே தட்டாவிட்டால் மீதி வராது. இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் கேட் இல்லாத நிலையத்தில் யாரும் வெளியே தட்ட மாட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வெறும் ஊகம் என்பதால், உண்மையில் எங்கே போனீர்கள் என்று சொன்னால் திருத்திக்கொடுக்க வேண்டும், கொடுக்கவும் செய்கிறார்கள். லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் இணையதளத்தில் கணக்கு திறந்து, அந்தக் கார்டையும் போனையும் தனித்தனியாகச் சேர்த்து, எந்தப் பயணத்தில் எங்கே தட்டல் விட்டுப்போயிற்று என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆய்ஸ்டருக்குப் பயணப் பட்டியல் 8 வாரம் வரைதான் தெரியும். கணக்கு இல்லாமல் வங்கி கார்டின் பட்டியலைப் பார்த்தால் 7 நாள்தான், கணக்கில் சேர்த்துக்கொண்டால் 12 மாதம் வரை பார்க்கலாம். முதல் நாள் போன பணத்தை இந்த வழியில் கேட்டு வாங்கப் பாருங்கள். அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

இப்போது அந்த 100 பவுண்டு. இது வேறு விஷயம். பரிசோதகர் கேட்கும்போது செல்லுபடியாகும் டிக்கெட்டோ, தட்டிய கார்டோ உங்களிடம் இல்லை என்பதற்காகப் போடும் அபராதக் கட்டணம் இது. 2024 மார்ச்சில்தான் டிஎஃப்எல் இதை 80 பவுண்டிலிருந்து 100 ஆக்கியது. 21 நாளுக்குள் கட்டினால் பாதி, அதாவது 50. மற்ற ரயில் கம்பெனிகளின் வண்டியில் கணக்கு வேறு. இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து 100 பவுண்டோடு அந்தப் பயணத்தின் ஒருவழிக் கட்டணமும் சேரும், 21 நாளுக்குள் கட்டினால் 50 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும். அதற்கு முன் 20 பவுண்டு, அல்லது ஒருவழிக் கட்டணத்தின் இரட்டிப்பு, எது அதிகமோ அது என்று இருந்தது.

நீங்கள் தட்டினீர்கள், சத்தமும் வந்தது என்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். பர்ஸைத் திறக்காமல் வைத்தேன் என்ற உங்கள் ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. கேட்டில் நின்ற நாட்களில் இதை எத்தனையோ முறை கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா, கையில் சிவப்பு பர்ஸ், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. பர்ஸை ரீடரில் வைத்தால் ஒருமுறை கேட் திறக்கும், அடுத்தமுறை திறக்காது. "நேற்றுத்தானே பணம் போட்டேன்" என்று கலங்கிப்போய் நிற்பார். பர்ஸைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆய்ஸ்டருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இரண்டு வங்கி கார்டுகள். மூன்றையும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தோம். காலையில் அவர் உள்ளே வந்தது ஆய்ஸ்டரில் இல்லை, அதில் ஒரு வங்கி கார்டில். ரீடர் எது முதலில் பதில் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பர்ஸை ஒரு விரல் அகலம் சாய்த்து வைத்தாலே வேறு கார்டு பதில் சொல்லிவிடும். கேட் இருந்தால் திறக்காமல் நின்றாவது எச்சரிக்கும். டிஎல்ஆரின் பெரும்பாலான நிலையங்களில் கேட்டே கிடையாது, ஒரு கம்பத்தில் ரீடர் மட்டும் இருக்கும். அது ஏதோ ஒரு கார்டைப் படித்துவிட்டுச் சத்தம் கொடுக்கும், நீங்களும் ஏறிவிடுவீர்கள்.

எனவே உங்கள் தட்டல் காணாமல் போகவில்லை, வேறொரு கார்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. இதைச் சரிபார்க்கலாம். பர்ஸில் இருக்கும் வங்கி கார்டின் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, சீட்டு எழுதிய தேதிக்கோ மறுநாளுக்கோ டிஎஃப்எல் பெயரில் ஒரு தொகை போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அதே கார்டின் பயணப் பட்டியலில் சைப்ரஸ் நிலையத்தில், பரிசோதகர் உங்களைப் பார்த்ததற்குச் சில நிமிடம் முன்பு, ஒரு தட்டல் பதிவாகியிருக்கும். கட்டணம் கொடுக்கும் எண்ணத்தோடுதான் ஏறினேன் என்பதற்கு அதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. கணக்கு இல்லாமல் பார்த்தால் 7 நாள்தான் தெரியும் என்று சொன்னேன் அல்லவா, உங்களுக்கு இன்று ஆறாம் நாள். அதனால் இன்றே கணக்கைத் திறந்து அந்தக் கார்டைச் சேர்த்துவிடுங்கள், திரையைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சான்றோடு மேல்முறையீடு செய்தால் ஜெயிக்குமா? இங்கேதான் என்னால் உறுதி சொல்ல முடியாது. விதி என்ன சொல்கிறது என்றால், காட்டிய கார்டில் பயணம் தொடங்கியிருக்க வேண்டும், எந்தக் கார்டைத் தட்டுகிறோம் என்று பார்த்துக்கொள்வது பயணியின் பொறுப்பு. எழுத்துப்படி பார்த்தால் பரிசோதகர் செய்தது தவறு இல்லை. அவர் கையில் இருந்த ஆய்ஸ்டரில் ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் வங்கி கார்டையும் எடுத்து நீட்டியிருந்தால் ஒருவேளை பேச்சு வேறு மாதிரி போயிருக்கும், பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றாது. ஆனால் மேல்முறையீட்டைப் படிப்பவர் சூழ்நிலையைப் பார்த்து ரத்து செய்யலாம். ஒரே பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணமும் போயிற்று, அபராதக் கட்டணமும் வந்தது என்று காட்டினால் அவர் யோசிப்பார் என்பது என் அனுபவம். நான் உதவிய கடிதங்களில் சில ஜெயித்தன, சில தோற்றன. ஜெயித்தவை எல்லாமே நேரமும் கார்டின் கடைசி நான்கு எண்களும் போட்டு, கோபமில்லாமல், அரைப் பக்கத்துக்குள் எழுதியவை. இங்கிலாந்துக்கு வந்து எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று எழுதியவை தோற்றன. அந்தக் கஷ்டம் உண்மைதான், ஆனால் முடிவு எடுப்பவருக்குத் தட்டலின் பதிவுதான் தேவை.

தட்டல் வங்கி கார்டிலும் இல்லை என்றால்? அப்போது என் கணிப்பு தவறு. ரீடர் சிவப்புக் காட்டியதை நெரிசலில் கவனிக்காமல் போயிருக்கலாம், பக்கத்து ஆளின் சத்தத்தை உங்களுடையது என்று நினைத்திருக்கலாம். அந்த நிலையில் 21 நாளுக்குள் 50 பவுண்டைக் கட்டி முடிப்பதுதான் நான் சொல்லும் வழி. மனம் ஒப்பாது, தெரியும். ஒரு மாணவனுக்கு 50 பவுண்டு என்பது இரண்டு வார மளிகை. ஆனாலும் சான்று இல்லாத சண்டையில் அது 100 ஆகி, அதற்கு மேலும் வளரும்.

எதைச் செய்தாலும் சீட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். விசா பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில். அபராதக் கட்டணம் என்பது குற்றத் தீர்ப்பு இல்லை. கட்டினால் குற்றப் பதிவு எதுவும் வராது, குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. ஆனால் கட்டணம் கொடுக்காமல் பயணம் செய்ததற்காக நீதிமன்றத்தில் வழக்குப் போடும் அதிகாரம் அவர்களுக்குத் தனியாக இருக்கிறது. அது இரண்டு வகை. ரயில்வே உப விதிகளின் கீழ் போடும் வழக்கில் உங்கள் எண்ணம் என்ன என்றே கேட்க மாட்டார்கள், செல்லுபடியாகும் டிக்கெட் இல்லை என்றாலே போதும். 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் போடுவதானால் ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், அதில் சிறைத் தண்டனைக்குக்கூட இடம் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். வழக்குப் போடுவது பற்றிக் கடிதம் வந்துவிட்டது என்ற நிலைக்குப் போனால் என்னைப் போன்றவனிடம் கேட்காதீர்கள். உங்கள் கல்லூரி மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிலோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பிலோ அதே வாரம் போய் உட்காருங்கள், இரண்டும் இலவசம். நீங்கள் இப்போது அந்த நிலையில் இல்லை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாமாவின் 60 வயதுக்கு மேற்பட்டோர் கார்டையோ, அக்கா பிள்ளையின் மாணவர் கார்டையோ ஒருநாள் அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கேட்டில் அந்தக் கார்டுக்கு வேறு விளக்கு எரியும். பிடிபட்டால் அது தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நேராக வழக்குக்குத்தான் போகும். கார்டுக்குச் சொந்தக்காரரும் அதை இழப்பார். முதுகலை முடிக்க நான்கு மாதம் இருக்கும்போது ஒரு பெண் இப்படிச் சம்மன் கடிதத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் மிச்சம் பிடிக்க நினைத்தது ஒருநாள் கட்டணம்.

ஆனால் உங்களுடைய அந்த உள் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஊரில் பஸ் ஏறினால் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அது இருக்கிறவரை பயமில்லை, செக்கர் வந்தால் நீட்டிவிடலாம். இங்கே அந்தக் காகிதம் இல்லை. பணம் கட்டியதற்கான சான்று கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் நம்மிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜனவரி 9ஆம் தேதி, பழைய முறை கார்டுகளை ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு எல்லோரையும் சிம்ப்ளிகோ என்ற புதிய முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அதில் கேட்டிலும் பஸ்ஸிலும் எவ்வளவு பிடித்தார்கள், மீதி எவ்வளவு என்று தெரியாது, செயலியில் போய்த்தான் பார்க்க வேண்டும். மக்கள் விடவில்லை. இரண்டே வாரத்தில், 22ஆம் தேதி, அரசாங்கம் முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியது. கட்டிய காசு அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பயணிகள் கேட்பதை ஒரு அரசாங்கமே நியாயம் என்று ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்திலும் அபராதங்களை நீதிமன்றமே கேள்வி கேட்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில், சில ரயில் கம்பெனிகள் அந்த 1889 சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளை, தனி நீதிபதி ஒருவர் கதவு சாத்திய அறையில் காகிதத்தைப் பார்த்து முடிக்கும் குறுக்கு வழியில் நடத்தியது சட்ட விரோதம் என்று தலைமை மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். அப்படி நடந்த சுமார் 74,000 வழக்குகள் செல்லாது என்று ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், சலுகைக் கார்டின் நேர விதி புரியாமல் 1.90 பவுண்டு குறைவாகக் கட்டிய ஒரு இளைஞர் மீது ஒரு ரயில் கம்பெனி வழக்குப் போடப் போய், விஷயம் வெளியே வந்ததும் அதைக் கைவிட்டது. பிறகு ரயில் ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. தெரியாமல் தவறு செய்தவர்களுக்கும் வேண்டுமென்றே ஏமாற்றுபவர்களுக்கும் வித்தியாசம் பார்க்காமல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்பதை அதுவும் சொன்னது. வேலி தாண்டிக் குதிப்பவரையும் பர்ஸைச் சாய்த்து வைத்தவரையும் ஒரே தராசில் வைப்பது தப்பு என்பதே பதினோரு வருடம் அங்கே நின்ற என் எண்ணமும். இருவரையும் ஒரு நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட ஊழியருக்கு நேரமும் அனுமதியும் வேண்டும்.

இனி இப்படி நடக்காமல் இருக்க உங்கள் பாதைக்கு மட்டும் சிலது சொல்கிறேன். ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்து நாள் முழுக்க அதையே தட்டுங்கள், அதைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தட்டுங்கள். போன் என்று முடிவு செய்தால், சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனால் வெளியே தட்டவும் முடியாது, பரிசோதகரிடம் காட்டவும் முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வண்டி மாறும் இடத்தில் நடைமேடையில் ஒரு ரீடரைப் பார்த்ததும் கை தானாகப் போகும். தட்டினால் உங்கள் பயணம் அங்கேயே இரண்டாக வெட்டுப்படும், உங்கள் பாதையில் இடையில் தட்டவே வேண்டாம். விதிவிலக்கு இளஞ்சிவப்பு ரீடர்கள். நகர மையமான முதல் மண்டலத்தைத் தொடாமல் சுற்றிப் போகிறேன் என்று சொல்லிக் குறைந்த கட்டணம் பெறுவதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். அப்புறம், பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். எலிசபெத் லைன் ரயிலில் ஸ்லவ், ரெடிங் பக்கம் நண்பரைப் பார்க்கப் போனால் ஆய்ஸ்டர் வெஸ்ட் டிரேட்டனைத் தாண்டிச் செல்லாது, வங்கி கார்டோ போனோதான். இது தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் நிறைய.

மாணவர் ஆய்ஸ்டர் வாங்கினால் எல்லாப் பயணத்துக்கும் தள்ளுபடி என்று யாராவது சொல்லியிருந்தால், அது பாதிதான் உண்மை. அந்த 30 சதவீதம் வார, மாதப் பாஸ்களுக்கு மட்டும். அன்றாடம் தட்டிப் போகும் கட்டணத்துக்குத் தள்ளுபடி வேண்டுமென்றால் 16-25 ரயில்கார்டு என்ற சலுகைக் கார்டை வாங்கி, நிலைய ஊழியரிடம் கொடுத்து ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொல்லுங்கள், நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இன்றிரவு முதலில் வங்கி கார்டின் ஸ்டேட்மென்ட். சீட்டின் பின்பக்கத்தில் மேல்முறையீட்டு முகவரியும் கடைசித் தேதியும் அச்சிட்டிருக்கும், அதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. தட்டல் கிடைத்ததா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள். கார்டு எண், சீட்டு எண் எதையும் போடாமல், தேதியும் நேரமும் மட்டும் போதும். கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.